பழைய பிரிட்ஜை எடைக்குப் போடும் முன்...

சில ஆண்டுகளுக்கு முன் நம் சங்க அலுவலகத்துப் பிரிட்ஜ் ஓடாமல் நின்றுபோனது. 1990-களில் வாங்கிய பெட்டி. கூட்டம் நடக்கும் நாட்களில் குடிதண்ணீரும் குளிர்பானமும் வைத்துக்கொள்ள உதவியது. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "இனிமே இதுக்குச் செலவு பண்றது வீண்ங்க" என்று கையை விரித்துவிட்டார். பழைய இரும்பு வாங்குகிறவரை வரச் சொன்னோம். பேரம் நடந்தது. அவர் சொன்ன விலைக்கு மேல் ஐம்பது ரூபாய் சேர்த்துக் கேட்டோம், ஒத்துக்கொண்டார். பெட்டியை வண்டியில் ஏற்றும் முன்பே, வாசலில் சாய்த்து வைத்து, கம்ப்ரசருக்குப் போகும் செம்புக் குழாயைக் கத்தரித்தார். 'உஸ்' என்று ஒரு சத்தம். சற்று நேரத்தில் அடங்கிவிட்டது. நாம் நோட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தோம்.

அது என்ன சத்தம் என்று அன்று நாம் கேட்கவில்லை. பிறகு கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை உறுப்பினர்கள் முன் வைப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம். பால் பாக்கெட், தயிர், குளிர்பானம், ஐஸ்கிரீம் என்று ஏதாவது ஒன்றுக்காகப் பிரிட்ஜ் வைத்திராத கடை இன்று அபூர்வம். வீட்டில் ஒன்று, கடையில் ஒன்று என்று வைத்திருப்பவர்கள் நாம். அவை ஒரு நாள் பழசாகத்தான் போகும். அன்று அவற்றை எங்கே, எப்படித் தள்ளுகிறோம் என்பதில் நாம் நினைப்பதைவிடப் பெரிய காரியம் அடங்கியிருக்கிறது.

பெட்டிக்குள் இருப்பது என்ன?

பிரிட்ஜின் குழாய்களில் ஒரு வாயு சுற்றிக்கொண்டே இருக்கிறது. பெட்டியின் உட்புறக் குழாயில் அது திரவ நிலையிலிருந்து ஆவியாகும்போது உள்ளே இருக்கும் வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. கம்ப்ரசர் அதை அழுத்திப் பின்புறக் கம்பிச் சுருளுக்குத் தள்ளுகிறது. அங்கே வெப்பத்தை வெளியே விட்டுவிட்டு மறுபடி திரவமாகிறது. பிரிட்ஜின் பின்பக்கம் கை வைத்தால் சுடுவது இதனால்தான். இந்த வாயு செலவாவதில்லை. "கேஸ் தீர்ந்துபோச்சு" என்று யாராவது சொன்னால், எங்கோ ஓட்டை இருக்கிறது என்றுதான் பொருள்.

ஆரம்ப காலத்தில் பிரிட்ஜ்களில் அமோனியா, கந்தக டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு போன்றவற்றைப் பயன்படுத்தினார்கள். கசிந்தால் உயிருக்கு ஆபத்து. 1928-ல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி என்பவரும் அவருடைய சகாக்களும் இதற்கு மாற்றாகக் குளோரோ புளோரோ கார்பன் என்ற வகை வாயுவைக் கொண்டுவந்தார்கள். சுருக்கமாகச் சி.எப்.சி. இதற்கு நாற்றமில்லை, நெருப்புப் பிடிக்காது, நச்சும் இல்லை. 1930-ல் ஒரு கூட்டத்தில் மிட்ஜ்லி அந்த வாயுவை மூச்சில் இழுத்து, எரிந்துகொண்டிருந்த மெழுகுவர்த்தியின் மேல் ஊதி அணைத்துக் காட்டினாராம். வீட்டுக்குள் தைரியமாகப் பிரிட்ஜ் வைக்க முடிந்தது அதற்குப் பிறகுதான். பழைய பிரிட்ஜ்களில் ஆர்-12 என்று எழுதியிருப்பது இந்த வகை வாயுதான்.

நல்ல சரக்கு என்று ஊரே வாங்கிய பொருளில் நாற்பது ஆண்டுகள் கழித்துத்தான் குற்றம் தெரிந்தது. 1974-ல் மரியோ மொலினா, ஷெர்வுட் ரோலண்ட் என்ற இரண்டு விஞ்ஞானிகள் எச்சரிக்கை விடுத்தார்கள். தண்ணீரில் கரையாமல், எதனோடும் எளிதில் சேராமல் இருப்பதே இந்த வாயுவின் பெருமை. அதுவே அதன் கேடும் ஆயிற்று. மழையில் கரைந்து இறங்காது. காற்றிலேயே மிதந்து பல ஆண்டுகளில் மேலே ஓசோன் படலம் வரை போய்ச் சேரும். அங்கே சூரியனின் கடுமையான கதிர் பட்டு உடையும்போது குளோரின் அணு விடுபடுகிறது. அந்த ஓர் அணு, ஒன்று போனால் ஒன்றாக, சுமார் ஒரு லட்சம் ஓசோன் மூலக்கூறுகளைச் சிதைக்க வல்லது. சூரியனின் புறஊதாக் கதிர் பூமிக்கு நேராக இறங்காமல் காப்பது ஓசோன் படலம். அது மெலிந்தால் தோல் புற்றுநோயும் கண்புரையும் கூடும், பயிர்கள் பாதிக்கப்படும்.

1985-ல் தென் துருவத்தின் மேலே வசந்த காலத்தில் ஓசோன் வெகுவாகக் குறைந்துபோவதைப் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். 1987 செப்டம்பர் 16 அன்று கனடா நாட்டின் மாண்ட்ரியல் நகரில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. மொலினாவுக்கும் ரோலண்டுக்கும், அவர்களோடு பால் குருட்சன் என்பவருக்கும் 1995-ல் நோபல் பரிசு கிடைத்தது.

குழாயில் கொஞ்சம், சுவரில் நிறைய

நம்மில் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. நாம் கேட்ட 'உஸ்' சத்தம் பாதிக் கதைகூட இல்லை.

பிரிட்ஜின் வெளித் தகட்டுக்கும் உள் பிளாஸ்டிக்குக்கும் நடுவே மஞ்சள் நிறத்தில் நுரை போன்ற ஒரு பொருள் அடைத்திருக்கும். கதவு உடைந்த பெட்டிகளில் இதைப் பார்த்திருப்போம். வெளிச் சூடு உள்ளே போகாமல் தடுப்பது அந்த நுரைதான். பொங்கிய மாவில் காற்று நிற்பது போல இந்த நுரையின் நுண்ணிய அறைகளுக்குள்ளும் வாயு நிற்கிறது. பழைய பெட்டிகளில் அது ஆர்-11 எனும் இன்னொரு சி.எப்.சி. வீட்டுப் பிரிட்ஜின் குழாய்களில் 100 முதல் 200 கிராம் வரை வாயு இருந்தால், சுவர் நுரையில் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு இருக்கும்.

எனவே மெக்கானிக் குழாய் வாயுவை மட்டும் பத்திரமாக எடுத்துவிட்டால் வேலை முடிந்ததாகாது. பெட்டியைச் சம்மட்டியால் உடைத்து, நுரையைப் பிய்த்துக் குப்பை மேட்டில் போட்டால், அதில் ஒரு பகுதி அப்போதே வெளியேறிவிடும். மிச்சம் ஆண்டுக் கணக்கில் மெல்லக் கசிந்துகொண்டிருக்கும்.

கணக்குப் பார்ப்பது நம் தொழில் என்பதால் இதையும் கணக்காகவே பார்ப்போம். இந்த வாயுக்கள் ஓசோனை அழிப்பதோடு பூமியைச் சூடாக்கவும் செய்கின்றன. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் ஒரு கிலோ ஆர்-12, சுமார் 10,900 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஒரு கிலோ ஆர்-11 சுமார் 4,750 கிலோவுக்குச் சமம். ஒரு சிறிய பிரிட்ஜின் குழாயில் 100 கிராம், நுரையில் 300 கிராம் என்று வைத்துக்கொள்வோம். முதலாவது 1,090 கிலோ, இரண்டாவது 1,425 கிலோ. இரண்டும் சேர்ந்து இரண்டரை டன்! ஒரு லிட்டர் பெட்ரோலை எரித்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வரும். அப்படியானால் ஒரு பழைய பிரிட்ஜை உடைத்துப் போடுவது ஆயிரம் லிட்டர் பெட்ரோலை எரிப்பதற்கு ஈடு. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் மொபெட்டில் ஐம்பதாயிரம் கிலோமீட்டர் போகலாம். நம் தராசில் வைத்தால் நானூறு கிராம். ஒரு பொட்டலம் கடலைப் பருப்பின் எடைகூட இல்லை.

நம் நாட்டில் நடந்தது

உடன்படிக்கை வந்தபோது ஒரு நியாயமான கேள்வி எழுந்தது. பணக்கார நாடுகள் பல பத்தாண்டுகள் இந்த வாயுவைப் பயன்படுத்தி வானத்தைக் கெடுத்துவிட்டன. இப்போதுதான் பிரிட்ஜ் வாங்கத் தொடங்கிய நாடுகள் எதற்காகச் செலவு செய்ய வேண்டும்? 1990-ல் லண்டனில் நடந்த மாநாட்டில், அப்போது மத்திய சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த மேனகா காந்தி தலைமையில் சென்ற இந்தியக் குழு இதை வலியுறுத்தியது. வளரும் நாடுகள் மாற்று முறைக்குப் போக உதவும் நிதியம் ஒன்றை அமைக்க அந்த மாநாட்டில் முடிவாயிற்று. அதன் பிறகு 1992-ல் இந்தியா உடன்படிக்கையில் சேர்ந்தது.

இந்த வாயுவைத் தயாரித்த இந்திய ஆலைகளில் ஒன்று நம் மேட்டூரில் இருந்தது. 2000-ஆம் ஆண்டில் மத்திய அரசு ஓசோனைக் குறைக்கும் பொருள்களுக்கான விதிகளை வெளியிட்டது. 2003 ஜனவரி முதல் புதிய பிரிட்ஜ்களைச் சி.எப்.சி. கொண்டு தயாரிப்பது நின்றது. 2008 ஆகஸ்டு மாதம் நாட்டில் சி.எப்.சி. உற்பத்தியையே நிறுத்திவிட்டார்கள். உடன்படிக்கை கொடுத்த கெடுவுக்கு ஓராண்டுக்கும் மேல் முன்னதாகவே நம் நாடு இதைச் செய்தது. பெருமைப்படத்தக்க விஷயம்.

உற்பத்தி நின்றாலும், ஏற்கெனவே தயாரித்து விற்றது எங்கே போகும்? பழைய பெட்டிகளில்தான் இருக்கிறது. ஆலைகளை மூடச் சொல்லி அரசாங்கம் உத்தரவு போடலாம். நம் கடையின் மூலையிலும் மாமியார் வீட்டுச் சமையலறையிலும் நிற்கும் பெட்டிக்கு யார் உத்தரவு போடுவது?

2003-க்குப் பின் வந்த பெட்டி என்பதால் மட்டும் கவலையற்று இருந்துவிடவும் முடியாது. அவற்றில் பலவற்றில் ஆர்-134ஏ என்ற வாயு இருக்கிறது. இது ஓசோனைத் தொடாது; ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேல் வலுவுள்ளது. நுரைக்குப் பயன்பட்ட எச்.சி.எப்.சி.-141பி என்ற வாயு ஓசோனை ஓரளவு பாதிப்பது; அதை நம் நாடு 2020 ஜனவரியில்தான் முற்றாக நிறுத்தியது. ஆர்-600ஏ என்று எழுதிய புதிய பெட்டிகளில் இருப்பது ஐசோபியூட்டேன். ஓசோனுக்கும் கேடில்லை, சூட்டுக்கும் கேடில்லை. ஆனால் இது சமையல் வாயுவின் உடன்பிறப்பு. நெருப்புப் பட்டால் பிடித்துக்கொள்ளும்.

பிரிட்டனில் எழுந்த பிரிட்ஜ் மலை

சட்டம் போட்டால் போதாதா என்று கேட்கலாம். ஏற்பாடு இல்லாமல் சட்டம் மட்டும் வந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பிரிட்டனில் நடந்தது நல்ல பாடம். கடைக்காரர்கள் நடுவில் அகப்பட்ட கதை என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறோம்.

2000-ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு விதி கொண்டுவந்தது. அதன்படி 2002 தொடக்கம் முதல், வீட்டுப் பிரிட்ஜ்களை உடைப்பதற்கு முன் ஓசோனைக் கெடுக்கும் வாயுக்களை எடுத்தாக வேண்டும். குழாயில் உள்ளதை எடுக்கப் பிரிட்டனில் வசதி இருந்தது. சுவர் நுரையில் உள்ளதையும் எடுக்க வேண்டுமா என்பதில்தான் அரசுக்கும் ஒன்றியத்துக்கும் நடுவே வெகுநாள் தெளிவு ஏற்படவில்லை. எடுத்துத்தான் ஆக வேண்டும் என்று 2001-ஆம் ஆண்டு நடுவில் உறுதியானபோது, கெடுவுக்குச் சில மாதங்களே இருந்தன. ஜெர்மனியில் அந்த வேலைக்கான ஆலைகள் முன்பே இயங்கிக்கொண்டிருந்தன. பிரிட்டனில் ஒன்றுகூட இல்லை.

அதுவரை அங்கே என்ன வழக்கம்? புதிய பிரிட்ஜ் கொண்டுவந்து இறக்கும் கடைக்காரர் பழையதைத் தூக்கிக்கொண்டு போவார். ஓடக்கூடியவற்றைச் சரிசெய்து ஏழை நாடுகளுக்கு ஏற்றுமதி செய்வார்கள். மற்றதைப் பழைய இரும்புக்காரர் நசுக்கி உருக்க அனுப்புவார். புதிய விதியால் பழைய பெட்டிகளின் ஏற்றுமதியும் தடைப்பட்டது, நசுக்கவும் முடியாது. எடுத்துக்கொண்டு போய் எங்கே வைப்பது என்ற நிலையில் பெரிய கடைகள் பழைய பெட்டியை எடுப்பதையே நிறுத்திவிட்டன. அவர்களையும் குறை சொல்வதற்கில்லை. வாங்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் கையிலிருந்து செலவு செய்ய எந்த வியாபாரியால் முடியும்?

ஆண்டுக்கு இருபது லட்சத்துக்கு மேல் பழைய பிரிட்ஜ்கள் விழும் நாடு அது. மக்கள் நகராட்சியின் தலையில் கட்டினார்கள். நகராட்சிகள் திறந்த மைதானங்களிலும் பழைய கிடங்குகளிலும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கின. பத்திரிகைகள் அதற்குப் 'பிரிட்ஜ் மலை' என்று பெயர் வைத்தன. சிலர் இரவோடு இரவாகத் தெருவோரத்தில் தள்ளிவிட்டுப் போனார்கள். கொஞ்சம் பெட்டிகள் கப்பலேறி ஜெர்மனிக்குப் போய் அங்கே பிரிக்கப்பட்டன. 2002-ல் அந்நாட்டு நாடாளுமன்றக் குழு விசாரணை நடத்தி, அரசின் முன்யோசனையின்மையைக் கண்டித்தது. பிறகு ஆலைகள் வந்தன. 2007-ல் தயாரிப்பாளர்களே கழிவுக்கும் பொறுப்பேற்கும் சட்டம் அங்கே நடைமுறைக்கு வந்தது. மலை கரைந்தது, அதற்குள் ஆன செலவு மக்கள் வரிப்பணம்.

இதில் நமக்குள்ள பாடம் எளிது. பழைய பெட்டியை வாங்குவதற்குக் கடை இருந்தால்தான் பெட்டி ஒழுங்கான இடத்துக்குப் போகிறது. கடைக்காரர் ஒதுங்கினால் அது தெருவுக்கு வருகிறது.

ஆலையில் எப்படிப் பிரிக்கிறார்கள்?

முறையான ஆலையில் வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலில் குழாயைத் துளையிட்டு, வெளிக்காற்றில் கலக்காதபடி வாயுவையும் கம்ப்ரசர் எண்ணெயையும் உறிஞ்சி எடுக்கிறார்கள். எண்ணெயிலும் வாயு கலந்திருப்பதால், அதைச் சூடுபடுத்தி வாயுவைத் தனியே பிரிக்கிறார்கள். கம்ப்ரசரை அறுத்து எடுத்த பின், வெறும் பெட்டி இரண்டாவது கட்டத்துக்குப் போகிறது. காற்றுப் புகாத பெரிய அரவை எந்திரத்துக்குள் பெட்டி துண்டு துண்டாகிறது. தீப்பிடிக்காமல் இருக்க உள்ளே நைட்ரஜன் நிரப்புகிறார்கள். நுரையைத் தனியே பிரித்து அழுத்தி, அதிலிருந்து வெளியேறும் வாயுவைக் கரித்தூள் வடிகட்டியிலோ கடுங்குளிரில் திரவமாக்கியோ பிடிக்கிறார்கள். இரும்பைக் காந்தம் இழுத்துக்கொள்கிறது. செம்பு, அலுமினியம், பிளாஸ்டிக் தனித்தனியே விழுகின்றன. பிடித்த வாயுவை ஆயிரம் டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் எரித்து அழிக்கிறார்கள்.

இரும்பும் செம்பும் வீணாவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நம் தெருவில் பிரிக்கும் அதே சரக்குத்தான் அங்கேயும் பிரிகிறது. வாயு மட்டும் வானத்துக்குப் போகாமல் நிற்கிறது.

விலை இல்லாத சரக்கு

அப்படியானால் பழைய இரும்பு வியாபாரிதான் குற்றவாளியா? இல்லை. அவரும் நம்மைப்போல் வியாபாரி. நம் சங்கங்களில் உறுப்பினராகவும் இருப்பவர். செம்புக்கு விலை உண்டு, கம்ப்ரசருக்கு விலை உண்டு, தகட்டுக்கும் விலை உண்டு. வாயுவுக்கு அவரிடம் யாரும் விலை கேட்பதில்லை. விலை இல்லாத சரக்கை எந்த வியாபாரியும் பாதுகாக்க மாட்டார். அதை வெளியே விட்டால்தான் வேலை சீக்கிரம் முடிகிறது. நாம் ஐம்பது ரூபாய் கூட்டிக் கேட்டபோது, அவசர அவசரமாகக் குழாயை வெட்டும்படி அவரை நாமே தள்ளினோம் என்றுதான் சொல்ல வேண்டும்.

நம் நாட்டில் 2012 மே முதலே மின்னணுக் கழிவு விதிகளில் பிரிட்ஜும் சேர்ந்திருக்கிறது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள புதிய விதிகளின்படி, தயாரிப்பு நிறுவனங்கள் தாம் விற்ற பொருள்களுக்கு ஈடாகக் குறிப்பிட்ட அளவு பழைய பொருள்கள் மறுசுழற்சி ஆவதற்குப் பொறுப்பு. மறுசுழற்சி ஆலைகள் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். சட்டம் இருக்கிறது, ஆலைகளும் இருக்கின்றன. நம் ஊர்க் கடைத்தெருவிலிருந்து ஆலை வாசல் வரையுள்ள தூரம்தான் இன்னும் நிரம்பவில்லை. ஒரே ஒரு பிரிட்ஜை எடுக்க ஆலைக்காரர் நூறு கிலோமீட்டர் வண்டி அனுப்ப மாட்டார், வாடகைக்கே கட்டாது. முப்பது பெட்டி சேர்ந்தால் அது ஒரு லோடு.

சில்லறையாகச் சேர்த்து மொத்தமாக அனுப்புவது யாருடைய தொழில்? நம்முடையது! கிராமத்துக்குக் கிராமம் மூட்டை மூட்டையாகப் புளியும் மிளகாயும் சேர்த்து லாரியில் ஏற்றத் தெரிந்த நமக்கு, பழைய பிரிட்ஜ்களைச் சேர்ப்பது பெரிய வித்தையல்ல.

நாம் செய்யக்கூடியவை

1. பெட்டியின் பின்புறத்திலோ கம்ப்ரசரின் மேலோ உள்ள தகட்டைப் பாருங்கள். ஆர்-12 என்றிருந்தால் அது ஓசோனைக் கெடுக்கும் பழைய வாயு. ஆர்-600ஏ என்றோ, மஞ்சள் முக்கோணத்தில் நெருப்புப் படமோ இருந்தால் தீப்பற்றும் வாயு. அதன் அருகில் கேஸ் கட்டரோ வெல்டிங்கோ கூடாது.

2. விற்கும்போது, "குழாயை இங்கே வெட்டக் கூடாது, பெட்டி முழுசாகப் போக வேண்டும்" என்று பேரத்திலேயே சொல்லிவிடுங்கள். வாயுவைச் சிலிண்டரில் உறிஞ்சிப் பிடிக்கும் கருவி வைத்திருக்கும் மெக்கானிக் கிடைத்தால் எடுக்கச் சொல்லலாம். கிடைக்காவிட்டால் தொடாமல் விடுவதே நல்லது.

3. பதிவு பெற்ற மறுசுழற்சியாளர் யார் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் கேட்டறியலாம். கொடுத்ததற்கு ரசீது வாங்கி வையுங்கள். பழைய இரும்புக் கடையைவிடச் சில நூறு ரூபாய் குறைவாகக் கிடைக்கலாம். அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அந்தப் பணம் எதற்கு ஈடு என்பதை மேலே கணக்காகவே காட்டியிருக்கிறோம்.

4. வீட்டு உபயோகப் பொருள் விற்கும் உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். தீபாவளி, பொங்கல் எக்ஸ்சேஞ்சில் வாங்கும் பெட்டிகள் லாட்டாக யாரிடம் போகின்றன, அவர் அதை என்ன செய்கிறார் என்று கேளுங்கள். நீங்கள் விற்பது எந்தக் கம்பெனிப் பொருளோ, அவர்களிடமும் பழையதை எடுக்க என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். பொறுப்பு அவர்களுடையது, கேட்க நமக்கு உரிமை உண்டு.

5. குளிர்பானக் கம்பெனி கடையில் வைத்துவிட்டுப் போன கண்ணாடிக் கதவுப் பெட்டி பழுதானால், அது கம்பெனியின் சொத்து என்பதை மறக்க வேண்டாம். எடுத்துப் போகும்படி எழுதிக் கேளுங்கள். எடைக்குப் போடாதீர்கள்.

6. ஓடுகிற பெட்டியைப் பயந்துபோய்த் தூக்கி எறிய வேண்டியதில்லை. குளிர் குறைந்தால், கேஸ் ஏற்றுவதற்கு முன் ஓட்டையைக் கண்டுபிடித்து அடைக்கச் சொல்லுங்கள். ஓட்டையை அப்படியே விட்டு ஆண்டுதோறும் கேஸ் ஏற்றுவது வாயுவுக்கும் நஷ்டம், நம் பணத்துக்கும் நஷ்டம்.

7. நுரையை எரிக்க விடாதீர்கள். அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் உண்டு. எரிக்கிறவர்தான் முதலில் அதைச் சுவாசிக்கிறார். பெட்டி போகும் வரை கதவைக் கயிற்றால் கட்டி வையுங்கள். குழந்தைகள் உள்ளே போய் ஒளிந்துவிடக் கூடாது.

8. சங்க அளவில், ஆண்டுக்கு ஒரு நாளாவது ஓர் ஊரின் பழைய பிரிட்ஜ்களை ஓரிடத்தில் சேர்த்து, பதிவு பெற்ற ஆலையின் வண்டியை வரவழைக்கலாம். இரும்பு வியாபாரிகளையும் இதில் சேர்த்துக்கொண்டு அவர்களுக்குரிய தரகைக் கொடுத்தால், அவர்களே நமக்குப் பெட்டிகளைத் தேடிக் கொண்டுவருவார்கள். உடன்படிக்கை கையெழுத்தான செப்டம்பர் 16-ஐ உலகம் ஓசோன் நாளாகக் கொண்டாடுகிறது. அந்த வாரத்தையே இதற்கு வைத்துக்கொள்ளலாம்.

பலன் உண்டா?

உலகம் ஒன்றுபட்டு ஒரு காரியத்தைச் செய்து அது பலித்தது என்று சொல்ல அதிக உதாரணங்கள் இல்லை. ஓசோன் அவற்றில் ஒன்று. உலக நாடுகள் அனைத்தும் இந்த உடன்படிக்கையில் கையெழுத்திட்டுள்ளன. 2023 ஜனவரியில் ஐக்கிய நாடுகள் சபையின் விஞ்ஞானிகள் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இப்போதைய கட்டுப்பாடுகள் நீடித்தால் உலகின் பெரும்பகுதியில் 2040 வாக்கிலும், தென் துருவத்தில் 2066 வாக்கிலும் ஓசோன் படலம் 1980-ல் இருந்த அளவுக்குத் திரும்பிவிடும். ஆர்-12 வானத்தில் சுமார் நூறு ஆண்டுகள் தங்கும். நம் வாசலில் அன்று வெளியேறிய வாயு நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் மேலேயே இருக்கும். அதைத் திரும்பப் பிடிக்க வழியில்லை.

நம் அலுவலகத்தில் இப்போது இருக்கும் பிரிட்ஜும் ஒரு நாள் நின்றுபோகும். அதன் தகட்டைப் பார்த்து, என்ன வாயு என்று பொருள் பதிவேட்டில் இப்போதே எழுதி வைத்துவிட்டோம். "பழுதானால் முழுப் பெட்டியாக ஆலைக்கு அனுப்புக" என்று அதன் கீழே ஒரு வரியும் சேர்த்திருக்கிறோம். உறுப்பினர்களும் தத்தம் கடைக் கணக்கில் அந்த ஒரு வரியை எழுதி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.